பஸ் வருது

எங்கள் ஹோமுக்குப் பிறந்தநாள் சாப்பாடு போட வருகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. நன்றி கெட்ட பேச்சுதான். அவர்கள் கொடுக்கும் அரிசியில்தான் நானும் சாப்பிடுகிறேன். இருந்தாலும் ஆகாது.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் ரோட்டில், சிமெண்ட் லாரிகளின் புழுதி ஜன்னலில் படிகிற இடத்தில் இருக்கிறது ஹோம். தலையில் அடிபட்டு, வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் போன ஆண்கள் இங்கே தங்கியிருக்கிறார்கள். அவர்களைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கீழே விழாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. மூன்றில் கடைசி வேலைதான் உயிரை வாங்கும்.

அவர்களில் ஒருவர் குன்னம் பக்கம் பஸ் ஸ்டாப்பை ஒட்டி டீக்கடை வைத்திருந்தவர். டீக்கடை அண்ணன் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். அறுவடை சமயத்தில் எங்கள் ஊர்களில் மக்காச்சோளத்தைப் பாதி ரோட்டை அடைத்துக் காயப்போடுவார்கள். கேட்டால் சண்டைக்கு வருவார்கள். அந்தச் சோளத்தின் மேல் அண்ணனுடைய பைக் வழுக்கியது. ஹெல்மெட் இருந்தது. தலையில் இல்லை, பெட்ரோல் டேங்க் மேல் இருந்தது. போலீஸைப் பார்த்தால் எடுத்து மாட்டிக்கொள்ளலாம் என்று எல்லோரும் வைக்கிற அதே இடம். ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை தம்பி என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார்.

அண்ணனுக்கு மிஞ்சியது இரண்டே பேச்சு. மனைவியைப் பார்த்ததும் "பாப்பா எங்க?" என்பார். "ஸ்கூலுக்குப் போயிருக்கா" என்பார் அந்த அக்கா. அண்ணன் தலையை ஆட்டுவார். அவ்வளவுதான் அவர்களுடைய குடும்பம். அதற்காகவே அக்கா மாதாமாதம் பஸ் ஏறி வருவார்.

இன்னொரு பேச்சு, "பஸ் வருது." கடையில் உட்கார்ந்திருப்பவர்களைக் கிளப்ப அப்படித்தான் குரல் கொடுப்பாராம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைக் கேட்டுச் சிரித்தவர்களை மேனேஜர் சத்தம் போட்டார்.

"சிரிக்காதீங்கடா. வலிப்பு வரப்போவுதுன்னு அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிடுது. அதச் சொல்ல அவருகிட்ட வேற வார்த்தை இல்ல. பஸ் வருதுன்னாருன்னா ஒடனே புடிச்சுத் தரையில உக்கார வைங்க."

எங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவரே மேனேஜர்தான். இதை மறந்துவிடாதீர்கள்.

இன்னொரு அடி பட்டால் இருக்கிற பேச்சும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அந்த அக்கா டவுனில் சீட் கவர் கடைக்குப் போய், பைக் சீட்டுக்குப் போடுகிற ஸ்பாஞ்சையும் ரெக்சினையும் வைத்து ஒரு தொப்பி தைத்து வாங்கி வந்தார். தாடைக்குக் கீழே வார் கட்டி மாட்ட வேண்டும். வேர்க்கும், நாறும், பார்க்கவும் அசிங்கம். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு அண்ணன் எத்தனையோ முறை விழுந்திருக்கிறார். எழுந்ததும் பேச்சு அப்படியே இருக்கும்.

போன வருஷம் டவுனில் கடை வைத்திருக்கும் ஒருவர் தன் பிறந்தநாளைக் கொண்டாட வந்தார். ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு பைக்கில் வந்து இறங்கினார். கூடவே நண்பர்கள், பிரியாணி அண்டா, அவர் படம் போட்ட பிளக்ஸ். எங்கள் ஆட்களுக்குத் தலை சீவி, படிக்கட்டில் பிளக்ஸுக்கு முன்னால் வரிசையாக நிற்க வைத்தோம். மேனேஜர் என்னை இலை எடுத்துவர அனுப்பினார்.

நான் இலைக்கட்டோடு திரும்பும்போது அண்ணன் தலையில் தொப்பி இல்லை. ஜன்னல் விளிம்பில் கிடந்தது.

"சார், தொப்பி?" என்றேன் மேனேஜரிடம்.

"ஒரு நிமிஷம் தம்பி. போட்டோல நல்லா இல்லைங்கறாரு."

அப்போதுதான் அண்ணன் சொன்னார். "பஸ் வருது."

எல்லோரும் சிரித்தார்கள். பிறந்தநாள்காரர் அண்ணன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "வரட்டும்ணே, போட்டோ எடுத்துட்டு ஏறிக்கலாம்" என்றார். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நான் மேனேஜரைப் பார்த்தேன். அவருக்குக் கேட்டிருந்தது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை அந்த ஆள்.

"உக்கார வைங்க! அவர உக்கார வைங்க!" என்று கத்திக்கொண்டே இலையைப் போட்டுவிட்டு ஓடினேன். போட்டோ எடுத்தவன் என்னைக் குறுக்கே வராதே என்று கை காட்டினான். படிக்கட்டின் முனையில் அண்ணனுடைய மண்டை மோதிய சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

பிறந்தநாள்காரர் பதறித்தான் போனார். மேனேஜர் அவர் முதுகில் கை வைத்து, "ஒண்ணுமில்ல சார், வழக்கமா வர்ற வலிப்புதான், இப்ப எந்திரிச்சிடுவாரு, நீங்க வாங்க, சாப்பாடு ஆறுது" என்று உள்ளே கூட்டிப்போனார். ஆம்புலன்ஸ் வந்ததும் நானும் அதன் டிரைவரும் அண்ணனைத் தூக்கி ஏற்றினோம். உள்ளே கேக் வெட்டிக் கைதட்டினார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் திரும்பி வந்தார். பேச்சு வரவில்லை.

அக்காவிடம் மேனேஜர் வலிப்பு வந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். வாசலில் அந்த அக்கா என்னைக் கேட்டார். "தொப்பி எங்க தம்பி போச்சு?"

"போட்டோ எடுக்கக் கழட்டிட்டாங்கக்கா." வேலை போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன்.

அவர் மேனேஜரிடம் போகவில்லை. ஹாலில் மாட்டியிருந்த அந்தப் பிறந்தநாள் போட்டோவைப் போய்ப் பார்த்தார். அண்ணன் தலை சீவி, வாய் திறந்து, சிரிப்பது போல நிற்பார். சிரிப்பு இல்லை அது. அக்காவுக்கும் தெரிந்திருக்கும். பிறகு அண்ணனுக்கு எதிரில் போய் உட்கார்ந்து, கேள்வி வரும் வரும் என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவரே "ஸ்கூலுக்குப் போயிருக்கா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

இந்த வருஷமும் அதே ஆள் பிறந்தநாளுக்கு வந்தார். அதே அண்டா, புது பிளக்ஸ். அண்ணன் இப்போது சக்கர நாற்காலியில், தொப்பியோடு. எனக்குப் பக்கத்தில் வந்து நின்ற பிறந்தநாள்காரர், நண்பர்களைப் பார்த்து, "டேய், இவருதான்டா. போன தடவ என்னமோ தமாஷா சொன்னாரே" என்றார். அண்ணன் பக்கம் குனிந்தார். "சொல்லுங்கண்ணே, பஸ் வருதா?"

அண்ணன் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்குப் பேச்சு இல்லீங்க" என்றேன்.

"ஐயய்யோ, எப்பலேர்ந்து?"

மேனேஜர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

"ஒங்க போன பொறந்தநாள்லேர்ந்துங்க."