சந்திரன் அண்ணனின் இரண்டு காலும் தெரிகிற படம்

சந்திரன் அண்ணன் போய்விட்டார்!! நம்ம தோட்டத்து ரதி, நம்ம சந்திரன் அண்ணன்... இன்று காலை ரத்தினபுரி ஆஸ்பத்திரியில்.

கஹவத்தை நெட் கடையில் உட்கார்ந்து டைப் பண்ணுகிறேன். பிழை இருந்தால் மன்னியுங்கள்.

தெரியாத ப்ரெண்ட்ஸுக்குச் சொல்கிறேன். அண்ணனுக்கு முப்பத்தி நாலு வயதுதான். வேலை ரப்பர் பால் வெட்டுவது. ஆனால் மாசி மாதம் காமன் கூத்து வந்தால் அவர்தான் ரதி. பத்து வருஷமாக அந்தச் சேலையை வேறு ஒருத்தரும் கட்டியதில்லை.

நான் அவருடைய நம்பர் ஒன் ஃபேன். சண்டைக்கு வராதீர்கள், நான்தான்.

கூத்தில் எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அந்தக் கண் மை, அந்த அழுகை... கால் எப்படி இருக்கும் என்று எனக்குத்தான் தெரியும். சலங்கை கட்டிவிடுவது நான்.

மழையில் வெறுங்காலோடு மலை ஏறி இறங்கி, விரல் இடுக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாய்ச் சேற்றுப்புண். குதிகால் வெடிப்பில் ஒரு தீக்குச்சியைச் செருகி வைக்கலாம். சலங்கை உரசும் இடத்தில் தோலே இருக்காது.

பெயின்ட் வாளியில் உப்புப் போட்ட சுடுதண்ணீர். அதில் காலை ஊறவைத்துத் துடைத்து, சரசு அண்ணியின் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றி, அதற்கு மேல்தான் சலங்கை.

"ராஜகுமாரி காலுடா இது. கூச்சப்படாம தொடு."

"ராஜகுமாரிய அட்ட கடிக்குமாண்ணே?"

"மன்மதன் வர லேட்டாச்சுன்னா அட்டதான்டா கடிக்கும்!"

அப்படிச் சிரிப்பார்... வாளித் தண்ணீர் முழுக்க என் மேல் தெறிக்கும்.

அப்புறம் அந்த ரப்பர் பால்.

நம்ம தோட்டத்தில் இதைச் செய்யாதவர் யார்? வெடிப்பில் பாலைப் பூசினால் காய்ந்து இன்னொரு தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். எரிச்சல் இல்லை, சேறு உள்ளே போகாது, வழுக்காது. அண்ணன் உள்ளங்கால் முழுக்கப் பூசுவார். சாயங்காலம் சாக்ஸ் மாதிரி உரித்து எங்கள் மேல் வீசுவார்.

"தொரைக்கு மட்டுந்தான் மேஸா? எனக்கு மரமே மேஸு குடுக்குதுடா!"

நம்ம வாலிபால் டீம் முழுக்க அவரைப் பார்த்துத்தான் பூசினோம். நானும்தான்.

இந்த வருஷம் காப்புக் கட்டியாயிற்று. காப்புக் கட்டினால் கூத்து முடியும்வரை செருப்புப் போடக்கூடாது, உங்களுக்கே தெரியும். கூத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் வலது குதிகாலில் போத்தல் துண்டு ஏறிவிட்டது.

நான் பக்கத்தில் இருந்தேன். பிடுங்கிப் போட்டார். ரத்தம் நிற்பதற்குள் பக்கத்து மரத்துச் சிரட்டையிலிருந்து பாலை எடுத்து அப்பிவிட்டார்.

"அண்ணே, டிஸ்பென்சரிக்குப் போயிட்டு வந்துருவோம்ணே."

"போனா என்ன சொல்லுவாரு மருந்தய்யா? ஒக்காருன்னுவாரு. ரதி ஒக்காந்தா கூத்து ஏதுடா? ஒங்க அண்ணிக்கிட்டயும் சொல்லிறாத. சாமி சத்தியம்."

சொல்லவில்லை.

சத்தியத்துக்காக மட்டும் இல்லை. றக்வானையிலிருந்து பத்துப் பேரை பஸ் ஏறி வரச் சொல்லியிருந்தேன், எங்க அண்ணன் ஆட்டத்தைப் பாருங்கடா என்று. மச்சானின் கேமராவையும் இரவல் வாங்கி வைத்திருந்தேன். அவர் ஆடவேண்டும் என்று எனக்கும் ஆசை.

ஆடினார். லயம் லயமாக, ஒவ்வொரு வீட்டு வரிசைக்கும் போய் ஆடினார். மன்மதன் எரிந்ததும் விழுந்து அழுதாரே... பக்கத்தில் நின்ற சிங்கள அம்மாகூட அழுதது. ரொம்ப நல்லா அழுகிறார் என்று கத்திக் கத்தி விசில் அடித்தேன்.

பிறகுதான் சலங்கையைக் கழற்றினேன். கால் சுட்டது. பால் தோலை உரித்தபோது வந்த வாடையை இங்கே எழுத முடியாது. உள்ளே இன்னொரு துண்டு இருந்திருக்கிறது.

மருந்தய்யா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"புண்ண கழுவாம மூடி வச்சா உள்ளயே சீப்புடிக்கும்டா! எத்தன வாட்டி சொன்னேன்!"

ரத்தினபுரியில் ரத்தத்தை டெஸ்ட் பண்ணியபோதுதான் சீனி வருத்தமும், சர்க்கரை வியாதிதான், இருப்பது தெரிந்தது. அவருக்கே தெரியாது. முன்னாடியே ஏன் வரவில்லை என்று நர்ஸ் மிஸ் சிங்களத்தில் கேட்டார். அண்ணன் சிரித்துக்கொண்டே, "நட்டன்ன திபுணா, மிஸ்" என்றார். ஆட வேண்டியிருந்தது மிஸ்...

முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். அப்புறம் முழங்காலுக்குக் கீழே. அதற்குள் சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டதாம்.

போய்ப் பார்த்தேன். கட்டிலை விட்டுத் தள்ளி நின்றேன். அவர்தான் கூப்பிட்டார்.

"ஏன்டா அங்கயே நிக்கிற? இனிமே ஒத்தச் சலங்கதான். ஒனக்கு வேல மிச்சம்."

நான் சிரிக்கட்டும் என்றுதான் சொன்னார். என்னால் முடியவில்லை அண்ணே.

அண்ணியிடம் நேற்றுத்தான் சொன்னேன், எனக்கு முதலிலேயே தெரியும் என்று. திட்டவில்லை. இன்று காலை அவரே போன் பண்ணினார்.

"தம்பி, பொட்டிக்குப் பக்கத்துல வைக்க ஒரு போட்டோ வேணும். ரெண்டு காலும் தெரியிற மாதிரி."

என் வீடியோவை முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு மணி நேரமும் முகம்தான். கண் மை தெரியட்டும் என்று ஜூம் பண்ணியே எடுத்திருக்கிறேன்... ஒரு இடத்தில்கூடக் கால் இல்லை.

நாளை பகல் மூன்று மணிக்கு, மேல் டிவிஷன் லயத்திலிருந்து அண்ணனை எடுக்கிறோம். வரக்கூடியவர்கள் வாருங்கள். டீம் பையன்களே, காலில் வெட்டு, புண் இருந்தால் பாலை உரித்துவிட்டு இன்றைக்கே டிஸ்பென்சரிக்குப் போங்கள், என்மேல் ஆணை.

பத்து வருஷத்தில் எந்தக் கூத்திலாவது தூரத்தில் நின்று படம் எடுத்தவர்கள் இருந்தால், தயவுசெய்து தேடுங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

கால் தெரிந்தால் போதும். ஷேர் பண்ணுங்கள். நாளை மூன்று மணிக்குள்.