லியாண்டர் வீட்டுப் பின்கதவு

என் தம்பி லியாண்டர் தன் வீட்டைத் தானே கட்டினான். நியூஃபவுண்ட்லாந்தில் எங்கள் காட்லின் குடாவில் அப்படிக் கட்டிக்கொண்டவர்கள் பலர் உண்டு. ஆனால் இத்தனை குளிர்காலங்களுக்குப் பிறகும் ஒரு ஜன்னல்கூடச் சாயாமல் நிற்பது அவன் வீடு ஒன்றுதான். அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை. சந்தேகம் இருந்தால் ரசமட்டம் வைத்துப் பார்க்கலாம்.

முன்கதவு கடலைப் பார்த்து இருக்கிறது. அதற்குப் படி கிடையாது, யாரும் அதைத் திறப்பதும் கிடையாது. எல்லாரும் பின்கதவைத் தள்ளிக்கொண்டு நேரே சமையலறைக்குள் வருவார்கள். எங்கள் ஊரில் கதவைத் தட்டினால் வந்திருப்பது போலீஸ் என்று அர்த்தம். அந்தப் பின்கதவுக்கு லியாண்டர் பூட்டும் வைக்கவில்லை, தாழ்ப்பாளும் வைக்கவில்லை.

சுரங்கத்தில் பாறை துளைத்த தூசி, வேலையை விட்டு நின்ற பிறகும் அவன் நெஞ்சுக்குள்ளேயே இருந்தது. விறகுக் கொட்டகை வரை போய்வந்தால் உட்கார்ந்துவிடுவான். தொற்றுநோய் வந்து, எல்லாரும் வீட்டுக்குள் இருங்கள் என்று அரசாங்கம் சொன்னபோது, டாக்டர் அவன் மனைவி லொரெட்டாவிடம் போனில் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: இது அவனுக்கு வந்தால் பிழைக்கமாட்டான். அதை அவள் என்னிடம் சொன்னாள். அவனிடம் சொல்லவில்லை.

நான் பக்கத்து வீடு. நடுவில் ஒரு வேலிதான். அந்த வசந்தத்தில் தினமும் வேலி ஓரம் நின்று, அவர்கள் ஜன்னலைக் கொஞ்சம் தூக்கிவிட்டுப் பேச, நான் கேட்டுக்கொண்டிருப்பேன். கடைப் பையன் வாசலில் வைத்துவிட்டுப் போன சாமான்களை லொரெட்டா சோப்புத் தண்ணீரில் கழுவுவாள். டின் பால், டர்னிப், மாவுப் பை, ஒன்றையும் விடமாட்டாள்.

"நேத்து ரொட்டியையும் குளிப்பாட்டப் போனா, பெர்னி. நான்தான் காப்பாத்தினேன்" என்பான் லியாண்டர் என்னிடம்.

"உன்னையும் ஒருநாள் அந்தத் தொட்டியில போடத்தான் போறேன், கிழவா."

நாலு பேராக ஆடிய சீட்டை இரண்டு பேராக ஆடினார்கள். அவள் ஏமாற்றுவதாக அவன் புகார் சொல்வான். உண்மைதான், நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

சண்டை வந்தது தாழ்ப்பாள் விஷயத்தில்.

"ஒரே ஒரு தாழ்ப்பாள். அஞ்சு நிமிஷ வேலை" என்றாள் லொரெட்டா.

"யாரை வெளிய நிறுத்த? இந்தக் குடாவுல எவன் திருடன், பேரைச் சொல்லு."

"திருடன் இல்ல. சும்மா டீ குடிக்க வர்றவங்க."

"அவங்களுக்கா தாழ்ப்பாள் போடச் சொல்றே?"

அவன் போடவில்லை. அவள் சாப்பாட்டு மேசையை இழுத்துக் கதவுக்கு அணையாகப் போட்டுவிட்டாள். பிறகு இருவரும் சுவர் ஓரம் நின்றபடியே சாப்பிட்டார்கள்.

சிரில் வந்தது அப்போதுதான். மேட்டு வீட்டில் தனியாக இருக்கும் சிரில், லியாண்டரோடு சுரங்கத்தில் வேலை செய்தவன். தினமும் காலையில் டீக்கு வந்துகொண்டிருந்தவன், ஊரடங்கு தொடங்கியதிலிருந்து ஒழுங்காக வீட்டில் இருந்தான். அந்த வாரம் அவன் அண்ணன் டவுனில் இறந்துபோனான். அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியதும் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே லியாண்டர் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தான்.

கதவைத் தள்ளினான். அது அசையவில்லை. அந்தக் கதவு அடைபட்டு அவன் பார்த்ததே இல்லை. ஈரத்தில் பலகை உப்பிவிட்டது என்று நினைத்து, ஓரங்களைத் தடவிப் பார்த்தான். பிறகு தோளைக் கொடுத்தான்.

நான் என் வீட்டு ஜன்னலைத் திறந்து, "சிரில், வீட்டுக்குப் போ" என்றேன்.

"கதவு பிடிச்சிக்கிச்சு பெர்னி. அவன்கிட்ட இழைப்புளி இருக்கும், ரெண்டு இழை இழைச்சாப் போதும்" என்றான். கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

அவர்கள் வீட்டுக்குள் மேசை இழுபடும் சத்தம் கேட்டது. லியாண்டர்தான் இழுத்தான், மூச்சு வாங்க வாங்க.

"அவனைத் திருப்பி அனுப்பு" என்று லொரெட்டா கெஞ்சினாள்.

"அண்ணனைப் புதைச்சிட்டு வந்திருக்கான். எப்படி அனுப்பறது, நீயே சொல்லு."

"சரி. நீ படுக்கையறைக்குப் போ. கதவைச் சாத்திக்கோ. அவன்கூட நான் உக்காந்துக்கறேன்."

அப்படித்தான் நடந்தது. சிரில் அழுது முடிக்கும் வரை லொரெட்டா எதிரே உட்கார்ந்து டீ ஊற்றிக்கொடுத்தாள். லியாண்டர் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் இருந்து, "நல்ல மனுஷன்டா உங்கண்ணன், சிரில்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

சில நாளில் சிரிலுக்குக் காய்ச்சல் வந்தது. அவன் தேறிவிட்டான். அடுத்து லொரெட்டா படுத்தாள். பிளாஸ்டிக் அங்கி போட்ட இருவர் வந்து அவளைத் தூக்கிப்போனார்கள். அவள் போகும்போது லியாண்டரைப் பார்த்து, "கிட்ட வராதே" என்று மட்டும் சொன்னாள். அவனும் போகவில்லை. அவனுக்குச் சோதித்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. ஆனாலும் யாரும் அந்த வீட்டுக்குள் போகக்கூடாது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குள்ளும் யாரையும் விடவில்லை.

இப்போது மதியத்தில் ஒரு நர்ஸ் கூப்பிட்டு, போனை லொரெட்டாவின் காதருகில் பிடிக்கிறாள். தொண்டையில் குழாய் இருப்பதால் லொரெட்டாவால் பேச முடியாது, ஆனால் கேட்கலாம், பேசுங்கள் என்கிறாள் நர்ஸ். லியாண்டர் போனை ஜன்னல் ஓரம் வைத்துக்கொண்டு பேசுகிறான். நான் வெளியே ஜன்னலுக்குக் கீழே நிற்கிறேன்.

"லொரெட்டா, முட்டை வேகவெச்சேன். கல்லு மாதிரி ஆயிடுச்சு. துணி துவைச்சேன். உன் நீல ஸ்வெட்டர் சுருங்கிப்போச்சு, இனிமே பூனைக்குத்தான் ஆகும். திட்டணும்னா வந்து திட்டு."

அந்தப் பக்கம் இயந்திரத்தின் சத்தம் மட்டும். அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல பெர்னி. நீ ஏதாவது சொல்லிக்கொடு."

நானும் யோசித்தேன். குளிர்காலத்தில் குடாவை அடைக்கும் ஐஸ் எப்போது போகும் என்றுதான் வசந்தத்தில் ஊரே காத்திருக்கும். "குடாவுல ஐஸ் போயிடுச்சுன்னு சொல்லு. சந்தோஷப்படுவா."

அவன் தலையை நீட்டிக் கடலைப் பார்த்தான். "போகலையே."

"போகலைன்னா என்ன? சொல்லேன்."

கையை எடுத்தான். "லொரெட்டா, பெர்னி இங்க நிக்கறா. ஐஸ் போயிடுச்சுன்னு சொல்லச் சொல்றா. பொய். கரை வரைக்கும் இருக்கு."

மறுபடி தலையை நீட்டிக் கடலைப் பார்த்தான்.

"போனதும் சொல்றேன்" என்றான்.