வெடிச் சத்தத்துக்கு அடைத்த சன்னல்

மல்லசமுத்திரத்துப் பக்கம் கிணறு வெட்டினால் சீக்கிரமே பாறை வந்துவிடும். பிறகு வெடி வைத்துத்தான் இறங்க வேண்டும். திரியில் நெருப்பு வைக்கும் முன் ஒருவர் சிவப்புத் துணியோடு வரப்பில் நின்று, "வெடி… வெடி…" என்று கூவுவார். உடனே பிள்ளைகளை வீட்டுக்குள் தள்ளி, கதவு சன்னலை எல்லாம் அடைப்பார்கள். கல் பறந்து வரும் என்ற பயம். அடைத்த பிறகு கண்ணாடி வழியாகப் புகை எழும்புவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எல்லா வீட்டிலும் வழக்கம்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள் என் மனைவியும் சன்னலை அடைத்து, கொண்டியை மாட்டிவிட்டு, சின்னஞ்சிறு மகளைப் புகை பார்க்க இடுப்பில் வைத்திருந்தாள். அடுத்த வயல்காட்டுக் கிணற்றில் அன்று வெடிமருந்து கூடிப்போயிற்று. மகளுக்கு இடது கண் போனது.

கல் வந்து கண்ணாடியை உடைத்தது என்று ஊரே சொன்னது. நானும் நம்பினேன். சோறு போடும்போது சில நாள் மனைவியின் கை அப்படியே நின்றுவிடும். சன்னலைத் திறந்து விட்டிருந்தால் கண் தப்பியிருக்குமா என்று கேட்பாள். திறந்திருந்தால் கல் நேராக உள்ளே வந்திருக்கும் என்பேன். அவள் அடுத்த கரண்டிச் சோற்றைத் தட்டில் போடுவாள்.

நான் சேலத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் பாரம் தூக்குகிறவன். அந்த வெடி நடந்து பதினான்கு வருடம் கழித்து, மகள் பத்தாவது படிக்கும்போது, மேட்டூரில் ஒரு கம்பெனிக்குக் கண்ணாடி இறக்கப் போனேன். கையெழுத்து வாங்கப் போன அறையில், ரசாயனத் தொட்டி வெடித்தால் சன்னல் தாங்குமா என்று ஓர் இளம் இன்ஜினியர் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்புத் திரையில் மீன்வலை போலப் பச்சைக் கோடுகளில் ஒரு சன்னல். பொத்தானைத் தட்டியதும் வலையின் நடுப்பகுதி உள்பக்கமாக வயிறு போல உப்பியது. மெதுவாக, சத்தமே இல்லாமல். பிறகு கோடுகள் அறுந்தன. சன்னலுக்கு இந்தப் பக்கம் அவர் யாரையும் வரையவில்லை. ஆனால் எனக்கு அங்கே இருவர் நிற்பது தெரிந்தது.

எப்படித் துணிந்தேனோ, கேட்டுவிட்டேன். "சன்னல் தொறந்திருந்தா எப்படிங்க சார்?"

"காத்து உள்ள வந்துட்டுப் போயிடும். அநேகமா கண்ணாடி தப்பிச்சுக்கும்ண்ணே."

"கல்லு வந்தா?"

"கல்லு இதுல இல்லண்ணே. காத்தோட அடி மட்டும்தான்."

அந்தக் கடைசிப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

வீட்டில் மனைவி கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். பார்த்ததை எல்லாம் சொன்னேன். "ஆனா அதுல கல்லே இல்ல புள்ள. நம்மூட்டுக்கு வந்தது கல்லு. அந்தக் கணக்கு நமக்குச் சேராது" என்றேன்.

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"கல்லு எதும் வரலீங்க. ஆஸ்பத்திரியில இருந்து வந்து ஊட்டைக் கூட்டி அள்ளுனது நாந்தானுங்க. அத்தனையும் கண்ணாடிதான்."

நான் வந்தபோது உள்ளே மகள் சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் நின்றுபோயிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.