ஐப்பசி மோர்

அடைமழையில் மோர் ஊற்றுகிற ஆள் உலகத்தில் யாராவது உண்டா என்று கேட்டால் புதுச்சேரிக்காரர்கள் கலியபெருமாளைத்தான் கை காட்டுவார்கள். ஊர் முழுக்க என்று சொன்னால் அது புளுகு. முதலியார்பேட்டையில் மில்லுக்குப் பின்னால், தேங்காய்த்திட்டுக்குப் போகிற வழியில் ஒரு குறுகலான தெரு இருக்கிறது, அந்தத் தெருக்காரர்கள் காட்டுவார்கள். மற்றவர்கள் சித்திரை வெயிலில் பந்தல் போட்டு மோர் ஊற்றுவார்கள், போட்டோ பிடித்துக்கொள்வார்கள், போய்விடுவார்கள். நம் ஆள் அப்படியில்லை. வருஷா வருஷம் நவம்பர் பதினொன்றாம் தேதி, மழை கொட்டினாலும் சரி, துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினாலும் சரி, வாசலில் நாலு கீற்றைச் சாய்த்து அதன் கீழே பானையை வைத்துவிட்டுத் தலையில் துண்டோடு நிற்பார். இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம், ஒன்றிலும் குறை வைக்கமாட்டார்.

மில்லில் தறி ஓட்டுகிறவர். நான் சொல்கிற 2002-ஆம் வருஷத்தில் அவருக்கு ஐம்பத்தைந்து வயது. தறிச் சத்தத்தில் ஒரு காது போய்விட்டது, அதனால் கத்தித்தான் பேசுவார், நல்லது சொன்னாலும் சண்டைக்கு நிற்கிற மாதிரிதான் இருக்கும். சண்டைக்கும் நிற்பார், அதையும் மறைப்பானேன். ஆனால் மோர் ஊற்றுகிற அந்த ஒரு நாள் மட்டும் அவர் வாயிலிருந்து கோபமான சொல் ஒன்று வந்ததாக யாரும் சொன்னதில்லை.

அந்த மோரின் கதை அவருடைய அப்பா தணிகாசலத்திடமிருந்து தொடங்குகிறது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் அந்தத் தெரு ஆம்பளைக்கு இரண்டே வழி. மில் சங்கு ஊதினால் தறிக்குப் போகலாம், இல்லாவிட்டால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சொல்தா ஆகலாம். பட்டாளத்துக்காரனுக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். தணிகாசலம் சொல்தா ஆகி, கப்பலேறி சைகோன் சண்டைக்குப் போனார். 1951-இல் அங்கேயே போய்விட்டார். உடம்பு வரவில்லை. முத்திரை குத்திய ஒரு காகிதம்தான் வந்தது. பென்ஷன் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது, அது வேறு கதை.

கலியபெருமாளுக்கு அப்போது நாலு வயது. அம்மா மணியம்மாளுக்குத் தமிழே எழுத்துக்கூட்ட வராது, பிரெஞ்சுக்கு எங்கே போவாள். அந்தக் காகிதத்தை யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். 'மோர் பூர் லா ஃப்ரான்ஸ்' என்று அதில் இருந்தது. அதை அவள் சாமி பெயர் மாதிரி மனப்பாடம் பண்ணிவைத்திருந்தாள்.

"உங்கப்பன் பேருல பூராத்துக்கும் மோர் ஊத்தச் சொல்லி பிரான்சுக்காரன் எழுதியிருக்கான்டா. காயிதத்துலயே போட்டிருக்கு. மோர் பூர்னு," என்பாள் மகனிடம்.

அவனும் நம்பினான். அம்மா சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள். தெருவில் கோலி விளையாட்டில் சண்டை வந்தால், "எங்கப்பாவுக்கு மோர் எழுதிக் குடுத்திருக்கான். உங்கப்பாவுக்கு இன்னாடா எழுதிக் குடுத்தான்?" என்று கேட்டு எதிராளியின் வாயை அடைத்துவிடுவான். நாற்பத்து மூன்று வருஷம் மணியம்மாள் ஊற்றினாள். டம்ளரை நீட்டும்போது, "மோர் பூர் லா ஃப்ரான்ஸ்" என்று சொல்லித்தான் நீட்டுவாள். 94-இல் அவள் கண்ணை மூடுவதற்கு முன்னால் மகனிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். பானையை மட்டும் கவிழ்த்துவிடாதே என்றாள். அன்றிலிருந்து அவர் ஊற்றினார்.

இதற்குள் தெருவில் இன்னொரு சாவும் விழுந்தது. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் எடுத்து வந்து கூடையில் விற்கிற பார்வதியின் மகன் அய்யப்பன், இந்திய ராணுவத்தில் சேர்ந்தவன், 99-இல் கார்கில் மலையில் செத்துப்போனான். மூன்று வருஷம் கழித்துத் தெரு இளைஞர் மன்றத்துக்கு ஒரு யோசனை வந்தது. சைகோனில் செத்த தணிகாசலம், பாவாடை, சுப்ரமணி, கார்கிலில் செத்த அய்யப்பன், நாலு பேர் பெயரையும் ஒரே கல்லில் வெட்டித் தெருமுனையில் நட்டுவிடுவது என்று. கல் வந்து இறங்கிவிட்டது. பெயர்களில் தகராறு இல்லை. பெயர்களுக்குக் கீழே என்ன எழுதுவது என்பதில்தான் மாட்டிக்கொண்டார்கள். 'நாட்டுக்காக உயிர் நீத்தவர்கள்' என்று ஒருவர் சொல்ல, எந்த நாட்டுக்காக என்று இன்னொருவர் கேட்க, கூட்டம் இரண்டு தடவை டீயோடு கலைந்தது.

மன்றத்தின் செயலாளர் கோபிநாத். அதே தெருப் பையன், பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வாத்தியார். பழைய காகிதத்தில் ஏதாவது நல்ல வாசகம் இருக்குமா பார்க்கலாம் என்று நவம்பர் பத்தாம் தேதி சாயங்காலம் கலியபெருமாள் வீட்டுக்கு வந்தான். அவர் பெட்டியைத் திறந்து காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். அடுக்களையில் அவர் மனைவி வேம்பு மறுநாளைக்காகக் காய்ச்சி ஆறவைத்த பாலில் உறை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கோபிநாத் விளக்குக்கு நேராகப் பிடித்துப் படித்தான்.

"இதைப் போட முடியாது மாமா. பிரான்சுக்காக இறந்தவர்னு இருக்குது. அய்யப்பனுக்கு ஒத்து வராது."

"இறந்தவர்னு எங்கடா இருக்கு? மோர் பூராத்துக்கும்னு இல்ல இருக்குது?"

கோபிநாத்துக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது பாதியில் நின்றது. "மோர்னா அவங்க பாஷையில செத்துப்போனவர்னு அர்த்தம் மாமா," என்றான் மெதுவாக. மந்தமான காதுக்கு அது எட்டவில்லை. இரண்டாவது தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. "நீங்க ஊத்துறது ஏதோ வேண்டுதல்னு இல்ல நான் நெனச்சிட்டிருந்தேன்."

கலியபெருமாள் காகிதத்தை வாங்கி மடித்தார். கோபிநாத் போன பிறகும் மடித்துக்கொண்டே இருந்தார். அவர் மனசில் ஓடியது இதுதான்: அம்மா டம்ளரை நீட்டி, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, சிரித்த முகமாகச் சாவு சாவு என்று சொல்லியிருக்கிறாள். பிரெஞ்சு தெரிந்தவர்கள் எத்தனை பேர் அந்த வரிசையில் நின்றிருப்பார்கள். வீட்டுக்குப் போய் எப்படிச் சிரித்திருப்பார்கள்.

"நாளைக்கு மோர் கெடையாது," என்றார்.

வேம்பு அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பத்து லிட்டர் பாலுக்கு உறை ஊத்தியாச்சு. காலைல தயிரை இன்னா பண்றது, தலையில தேச்சிக் குளிக்கிறதா?"

"தேச்சிக் குளி," என்றார் அவர்.

மறுநாள் விடிந்ததிலிருந்து மழை. கலியபெருமாள் வழக்கம்போல மில்லுக்கு லீவு போட்டுவிட்டார், ஆனால் கதவைத் திறக்கவில்லை. வேம்பு தன்பாட்டுக்குத் தயிரைக் கடைந்தாள். இஞ்சியைத் தட்டினாள். தட்டுகிற சத்தம் அவருடைய நல்ல காதில் விழட்டும் என்று கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

பன்னிரண்டு மணி வாக்கில் கதவை யாரோ தட்டினார்கள். இராமதாஸ். எழுபத்தைந்து வயதுப் பழைய சொல்தா, தணிகாசலத்தோடு ஒரே கப்பலில் சைகோன் போய், முன்னதாகவே ஊர் திரும்பியவர். ஒவ்வொரு வருஷமும் இந்தத் தேதியில் கோட்டில் மெடலைக் குத்திக்கொண்டு பீச் ரோட்டில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் செத்தவர்களுக்கு எழுப்பிய நினைவுச் சின்னத்துக்குப் போவார். அங்கே பூவளையம் வைத்து முடிந்ததும் ஆட்டோ பிடித்து நேராக இங்கே வருவார். முதல் டம்ளர் அவருக்குத்தான். மூச்சிரைப்பு வியாதி உள்ள மனுஷன், குளிர்ந்தது எதுவும் ஆகாது, ஆனாலும் வருவார்.

"கலியா, பானை எங்க?"

"அந்தக் காயிதத்த எங்கம்மாவுக்குப் படிச்சிக் காட்டுனது யாரு பெரிப்பா?"

இராமதாஸ் குடையை மடக்கினார். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மூச்சு நிதானத்துக்கு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நான்தான். சாவு சேதி முன்னாடியே வந்துடுச்சு. உங்கம்மா மூணு நாளா அழுவல. சாப்பிடல. கெணத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தா. அப்பத்தான் இந்தக் காயிதம் வந்துது. எழுத்த எழுத்தா படிச்சேன். அர்த்தம் சொல்ல எனக்கு வாய் வரல. மோர்னதும் தலையத் தூக்குனா. மோரா, ஊருக்கு ஊத்தச் சொல்றானான்னு கேட்டா. கேட்டுக்கிட்டே எழுந்து பானையத் தேடப் போயிட்டா. அப்ப போயி இல்லம்மா, செத்தவன்னு எழுதியிருக்குன்னு நான் சொல்லட்டுமா?"

கலியபெருமாள் மடித்துவைத்த காகிதத்தை மறுபடி பிரித்தார்.

"எந்த நாள்ல ஊத்தணும்னு கேட்டா. பீச்சுல பூ வெக்கிற நாளத்தான் எனக்குத் தெரியும், அதச் சொல்லித் தொலைச்சேன். கொஞ்சம் ரோசன பண்ணியிருந்தா சித்திரையில ஒரு தேதி சொல்லியிருப்பேன். அம்பது வருசமா இந்த நெஞ்சுக்கு அதுதான் தண்டனை."

"தெருவுல வேற யாருக்கும் தெரியாதா?"

"பிரெஞ்சு தெரிஞ்சவன் அப்ப பதினாலு பேரு. மில்லு மேஸ்திரியிலேர்ந்து எல்லாருக்கும் தெரியும். கூடிப் பேசுனோம். மணியம்மா ஊத்துனா வாங்கிக் குடிக்கணும், சிரிக்கக் கூடாது, பொண்டாட்டிகிட்டகூட வாயத் தொறக்கக் கூடாதுன்னு. ஒருத்தனும் தொறக்கல. அவங்கள்ல இன்னிக்கு நான் ஒருத்தன்தான் மிச்சம்."

கலியபெருமாளுக்கு அந்த முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. நனைந்த சட்டையோடு நடுங்கிக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் ஊத்து மணியம்மா," என்று டம்ளரை நீட்டிய மேஸ்திரி. மூக்கொழுகி, துண்டில் துடைத்துக்கொண்டு, நல்லா இருக்குது என்று தலையாட்டிய பாவாடையின் தம்பி. அம்மா பூரித்துப்போய் நின்றாள். யாரும் வீட்டுக்குப் போய்ச் சிரிக்கவில்லை. ஒரு பொம்பளை எழுந்து நடமாட வேண்டும் என்பதற்காக ஒரு தெருவே சேர்ந்து சளி பிடித்துக்கொண்டது. அத்தனை பேருக்கும் ஒரு தடவையாவது நன்றி சொல்லியிருக்கலாம். ஒருவர் தவிர யாரும் இல்லை. அந்த ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் அழுதார். ஐம்பத்தைந்து வயதில் வெட்கப்படாமல் அழுதார்.

"நீங்க நல்லா இருக்கணும் பெரிப்பா," என்றார்.

அப்போதுதான் திறந்திருந்த கதவு வழியாக பார்வதியின் குரல் கேட்டது. தலையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு, காலி மீன் கூடையும் கையில் சொந்த டம்ளருமாக வாசலில் நின்றாள்.

"அண்ணே, இன்னிக்கு மோர் இல்லயா?"

அவளே தொடர்ந்தாள். "போன வருசமே கேக்கணும்னு இருந்தேன், கூச்சமா இருந்துது. எம் புள்ள பேரச் சொல்லியும் ஒரு டம்ளர் ஊத்துங்கண்ணே. அவனுக்கும் காயிதம் வந்துது. மெடல் குடுத்தாங்க, பெரிய பெரிய ஆளுங்க வந்துட்டுப் போனாங்க. எல்லாம் போன பொறவு நான் இன்னா பண்ணணும்னு ஒருத்தரும் எழுதலியே. உங்கம்மாவுக்கு எழுதியிருந்தாங்களாமே."

கலியபெருமாள் இராமதாஸைப் பார்த்தார். இராமதாஸ் கூரையைப் பார்த்தார்.

"ஆமா தங்கச்சி, எழுதியிருந்தாங்க," என்றார் கலியபெருமாள். "உள்ள வந்து ஒரு பக்கம் புடி. பானை கனமா இருக்கும்."

இரண்டு பேருமாகப் பானையை வாசலுக்குத் தூக்கி வந்தார்கள். வேம்பு கீற்றைச் சாய்த்தாள். முதல் டம்ளரை இராமதாஸுக்குக் கொடுக்கும்போது கலியபெருமாள் கையைப் பின்னுக்கு இழுத்தார். "வேணாம் பெரிப்பா, நெஞ்சுக்கு ஆவாது."

"அம்பது வருசமா ஆவல. குடு," என்று வாங்கி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு இருமினார். அடுத்த டம்ளரைப் பார்வதி எடுத்து, தெருவில் நனைந்துகொண்டு வந்த முதல் ஆளிடம், "எம் மவன் அய்யப்பன் பேருல," என்று நீட்டினாள். மகன் செத்த பிறகு அவள் அவன் பெயரை அழாமல் சொல்லி அன்றுதான் தெரு கேட்டது. வந்த ஆள் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தான்.

சாயங்காலம் கோபிநாத் தயங்கித் தயங்கி வந்தான். கல்லுக்கு வாசகம் கிடைத்துவிட்டது என்று கலியபெருமாள் சத்தமாகச் சொன்னார். எந்த நாடு என்ற சண்டையே வேண்டாம், நான் சொல்கிறதை எழுதிக்கொள் என்றார். கோபிநாத் எழுதிக்கொண்டான். கூட்டத்தில் படித்தபோது யாரும் மறுத்துப் பேசவில்லை.

இப்போதும் அந்தத் தெருமுனையில் கல் நிற்கிறது. நாலு பெயர்கள். கீழே ஒரே ஒரு வரி: 'நவம்பர் 11 அன்று இங்கு அனைவருக்கும் மோர் உண்டு, மழை பெய்தாலும்.'