பாதியில் நின்ற குரவை

இது நடந்த கதை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அவர்களைக் கெஞ்சிக்கொண்டிருக்க ஆகிலாவுக்கும் நேரமில்லை, சொல்கிற எனக்கும் நேரமில்லை. கசெட் இருக்கிறது. கல்முனைப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் இன்றும் யாராவது ஒருவர் அதைத் தேடிப்பிடித்துப் போடுகிறார். கடைசிப் பாட்டு முடிகிற இடத்தில் காதைக் கொடுத்துப் பாருங்கள். பிறகு வந்து பேசுங்கள்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, மாரி மழை பிடித்திருந்த காலம். ஆகிலாவும் அவள் உம்மாவும் பாலமுனையிலிருந்து வந்து, சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கமாக ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அவளுடைய மூத்தவன் றாஸிக் காக்காவுக்குச் சவூதியில் வேலை. ஒருமுறை லீவில் வந்தபோது அவன் ஒரு கொம்பியூட்டரும், ஒரு கீபோர்டும், நூற்றிருபத்தெட்டு வாத்தியங்களின் சத்தத்தை வயிற்றுக்குள் வைத்திருந்த ஒரு கறுப்புப் பெட்டியும் கொண்டுவந்தான். திரும்பிப் போகும்போது, ஒருத்தரும் தொடப்படாது என்று சொல்லிவிட்டுப் போனான். ஆகிலா அடுத்த நாளே தொட்டாள்.

வேலை இதுதான். திரையில் ஒரு வாத்தியத்துக்கு ஒரு வரி. அதை ட்ராக் என்பார்கள். கீபோர்டில் வாசித்தது அந்த வரியில் பதிந்துவிடும். பிறகு அது எந்தச் சத்தத்தில் வர வேண்டும் என்று இலக்கம் கொடுக்க வேண்டும். ஒன்று பியானோ, எழுபத்துநான்கு புல்லாங்குழல். வாசித்தது மாறாது, இலக்கத்தை மாற்றினால் ஆர்மோனியம் வயலினாகிவிடும். ஓர் ஆள்கூட இல்லாமல் ஒரு கச்சேரி. ஆறு மாதத்தில் ஆகிலா அதில் கைதேர்ந்துவிட்டாள்.

கல்முனையில் கசெட் கடை வைத்திருந்த சீனிமுகம்மது, கல்யாணப் பாட்டுக் கசெட் ஒன்றுக்கு இசை போடும் வேலையை அவளிடம் தந்தார். எல்லாம் முடிந்துவிட்டது. கடைசிப் பாட்டின் முடிவில் குரவை மட்டும் வர வேண்டும். மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் பெண்கள் நாக்கைச் சுழற்றி ஒன்றாக எழுப்புகிற குரவை. அது இல்லாமல் எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஏது? வெள்ளிக்கிழமைக்குள் குரவையோடு தராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்றுவிட்டார் அவர்.

வீட்டுக்குப் பெரியவரான மாமா மீராமுகைதீன் வேறு விதமாகச் சொன்னார்.

"கசெட்டில பொம்புளக் குரல் வரப்படாது. வந்திச்செண்டா அண்டைக்கே இந்தச் சாமானெல்லாத்தையும் வித்துப்போடுவன்."

வேலை கைவிட்டுப் போனாலும் சும்மா கிடக்கிற சாமான் என்று அவர் விற்கத்தான் போகிறார். இந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் போனாலும் கொம்பியூட்டர் போய்விடும். ஆகிலாவுக்கு வந்ததே கோபம். பொம்பிளை வேண்டாமா, சரி, பெட்டிக்குள்ளிருந்தே குரவையை எடுத்துக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தாள்.

வீட்டின் பின்னறைதான் அவள் வேலை செய்கிற இடம். மூன்று சுவர் பழைய சுவர், கை அகலத் தடிப்பு. கடல் பக்கத்துச் சுவர் மட்டும் புதிது, சீமெந்துக் கல்லால் கட்டியது. ஏன் அப்படி என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை.

வியாழக்கிழமை. நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்த கையோடு தொடங்கினாள். குரவைக்கு ஏழாவது ட்ராக். ஐம்பத்துமூன்றாம் இலக்கம், ஆ என்கிற குரல்கள். தடிமன் பிடித்து மூக்கடைத்தவர்கள் பாடுவது போல இருந்தது. ஐம்பத்துநான்கு, ஊ என்கிற குரல்கள். கொஞ்சம் பரவாயில்லை. சுருதியை ஏற்றி இறக்கும் சக்கரச் சில்லை விரலால் விறுவிறுவென்று ஆட்டி வாசித்தாள். கிட்டத்தட்டக் குரவை. ஐம்பத்துநான்கையே தெரிவு செய்துவிட்டு, பாட்டை ஓடவிட்டாள்.

குரல் வரவில்லை.

கடல் வந்தது.

உஷ்ஷ்ஷ்... என்று அலை இரைகிற சத்தம். அது நூற்றிருபத்துமூன்றாம் இலக்கம். திரையைப் பார்த்தாள். ஏழாவது ட்ராக்கில் நூற்றிருபத்துமூன்று என்றுதான் இருந்தது.

சில பெட்டிகள் பூச்சியத்திலிருந்து எண்ணும், சில ஒன்றிலிருந்து எண்ணும். அதனால் புல்லாங்குழல் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரனான பிக்கலோ என்ற சின்னக் குழல் வருவதுண்டு. ஆனால் ஓர் இலக்கம்தான் பிசகும். அறுபத்தொன்பது இலக்கம் பிசகுமா?

மறுபடி ஐம்பத்துநான்கு கொடுத்தாள். ஓடவிட்டாள்.

உஷ்ஷ்ஷ்ஷ்...

ஆகிலா பயப்படவில்லை. எரிச்சல்தான் பட்டாள். பெட்டி பழுதாகிவிட்டதோ என்று ஒன்றிலிருந்து எல்லாச் சத்தத்தையும் வரிசையாகத் தட்டிப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்கு. கடைசியில் ஹெலிகொப்டர், கைதட்டல், துப்பாக்கி வெடி. அந்த மூன்றுக்கும் மட்டும் ஸ்பீக்கரை நன்றாகக் குறைத்துக்கொண்டாள். வீதி முனையில் ஆமிக்காரர்கள் நிற்கிறார்கள். நம் வாத்தியம் அவர்களுக்கு எங்கே விளங்கப்போகிறது!

மூன்றாம் தரம் ஓடவிட்டாள்.

கடல் இரைந்தது. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து குரவை எழும்பியது. ஒரு குரல் முதலில் எடுத்தது. பிறகு பல குரல்கள். பெட்டிக்குள் இருக்கிற நூற்றிருபத்தெட்டிலும் இல்லாத குரவை. மூச்சு இருந்தது அதில். சிரிப்பு இருந்தது.

உச்சத்துக்குப் போன நேரம், டக்கென்று அறுந்தது.

திரும்ப ஓடவிட்டாள். அதே கடல், அதே குரவை, அதே இடத்தில் அறுந்தது.

கதவுக்கு வெளியே உம்மாவின் குரல்.

"மகள், உள்ளுக்கு ஆரெல்லாம் வந்திரிக்காங்க? எத்தின பேருக்குத் தேத்தண்ணி ஊத்த?"

ஆகிலா அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"ஒருத்தருமில்ல உம்மா. பாட்டு."

உம்மாவின் காலடி குசினிப் பக்கம் போனது.

ஆகிலா ஏழாவது ட்ராக்கின் சத்தத்தை அடைத்தாள்.

குரவை வந்தது.

ட்ராக்கையே அழித்தாள்.

குரவை வந்தது.

ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினாள். ஸ்பீக்கரின் சிவப்பு வெளிச்சம் அணைந்தது...

உஷ்ஷ்ஷ்...

பிறகு குரவை.

அது பெட்டியிலிருந்து வரவில்லை.

புதிய சுவரிலிருந்து வந்தது...

டக்.

அமைதி.

வேறு யாராவது என்றால் ஓடியிருப்பார்கள். நானென்றால் கதவைத் திறக்காமல் யன்னலால் பாய்ந்திருப்பேன். ஆகிலாவும் கதவு வரைக்கும் போனாளாம். ஆனால் ஓடினால் நாளைக்குச் சாமானெல்லாம் லொறியில் ஏறும். அது அவளுக்குப் பேயைவிடப் பெரிதாகத் தெரிந்தது. கசெட்டில் பாடிய பாடகருக்காக வைத்த மைக் மூலையில் இன்னும் நின்றது. அதைச் சுவருக்கு நேரே இழுத்து வைத்தாள். ரெக்கோடரின் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

"குரவ போட வந்தா முழுசாப் போடுங்க. பாதியில நிப்பாட்டுற குரவ எனக்குத் தேவல்ல."

கடல் இரைந்தது. குரவை எழும்பியது. ஏறியது... ஏறியது...

டக்.

அறுந்த அதே இடத்தில் ஆகிலா வாயைத் திறந்தாள். மாமாவாவது, தடையாவது! அடிவயிற்றிலிருந்து எடுத்து, அவர்கள் விட்ட இடத்திலிருந்து ஏற்றி, சுழற்றி, இறக்கி, குரவையை முடித்து வைத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்ததாம். ஏன் என்று அவளுக்கே தெரியாது.

அதற்குப் பிறகு சுவரிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. ரெக்கோடரில் பதிந்ததை அப்படியே பாட்டின் கடைசியில் சேர்த்தாள்.

மாமா வந்து கேட்டார். மெஷின்தானா இது, இவ்வளவு உசிராக இருக்கிறதே என்றார். மெஷின்தான் என்றாள் அவள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். கொம்பியூட்டர் தப்பியது. கசெட் பெருநாளைக்கு முன்பே கல்முனைக் கடையில் தீர்ந்துபோனது.

சில மாதம் கழித்து ஒரு பகல்நேரம், மருதமுனையிலிருந்து பஸ் ஏறி ஒரு பெண் தேடிவந்தாள். நாச்சியா என்று பேர், நாற்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். இடது கை முழங்கையோடு கோணிப் போயிருந்தது. ஒரு கல்யாண வீட்டில் அந்தக் குரவையைக் கேட்டுவிட்டு, கடையில் விசாரித்து வந்திருக்கிறாள். வாசலுக்கு வந்தவள் வீட்டைப் பார்த்ததும் முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள். பின்னறைக் கதவு வரைக்கும் வந்தாள். உள்ளே வரவில்லை. புதிய சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நின்றபடியே சொன்னாள். எழுபத்தெட்டாம் ஆண்டு, சூறாவளி அடித்த இரவு, இந்த வீட்டில் கல்யாணம். இந்த அறையில் பெண்கள் கூடி, மாப்பிள்ளை ஊர்வலத்தை எதிர்பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். மழையால் அது பிந்திவிட்டது. திடீரென்று வெளியே பெரிய இரைச்சல். றபான் அடித்துக்கொண்டு சனம் வருகிறது, மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்துக்கொண்டே குரவையை எடுத்தார்கள். வந்தது மாப்பிள்ளை இல்லை. காற்று. குரவை பாதியில் இருக்கும்போதே கடல் பக்கத்துச் சுவர் அவர்கள் மேலே விழுந்தது. நாச்சியாவை மட்டும்தான் உயிரோடு இழுத்தெடுத்தார்கள். அன்றைக்குப் பிறகு தான் பெற்ற மகளின் கல்யாணத்தில்கூட அவள் குரவை போட்டதில்லை.

"நான் முடிச்சி வெச்சது பிழையா?" என்று ஆகிலா கேட்டாள். கேட்ட விதத்தில் பணிவு இல்லை. பிழை என்று சொன்னால் சண்டைக்குப் போகிற ஆள் அவள்.

"இல்ல மகள். அத ஒருக்காப் போடுங்க."

ஆகிலா கசெட்டைப் போட்டாள். கடல் இரைந்தது. முதல் குரல் எழும்பியது.

"இது எங்கட ராத்தா," என்று தன் மூத்தவளைச் சொன்னாள் நாச்சியா. அடுத்த குரலுக்கு, "இது மாமி." ஒவ்வொரு குரலாகப் பேர் சொல்லிக்கொண்டு வந்தவள், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சின்னக் குரல் ஏறியதும் ஆகிலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது என்ட குரல்."

டக்.

"மத்த எல்லாரும் மவுத்தாகிட்டாங்க," என்றாள் மெதுவாக. "நான் இன்னும் மவுத்தாகல்லையே, மகள். பிறகு எப்பிடி நானும் அதுக்குள்ள இரிக்கன்?"

ஆகிலா கசெட்டை நிறுத்தினாள். அவள் வீடு மாறவில்லை, அறையையும் மாற்றவில்லை. இப்போதும் அங்கேதான் இசை போடுகிறாள். ஏழாவது ட்ராக்குக்கு மட்டும் எந்தப் பாட்டிலும் சத்தம் தெரிவு செய்வதில்லை. அதை வெறுமையாகவே விட்டுவைக்கிறாள்.