படலையைப் பார்த்திருந்த பெட்டி

புளியங்கூடலில் சிவகுருவிடம் ஒரு ரேடியோவையாவது கொடுத்துவிட்டுக் காத்திருக்காத வீடு இல்லை. தொழில் என்னவென்று கேட்டால் புகையிலைத் தோட்டம் என்பார். ஆனால் இளவயதில் கொழும்பில் ஒரு ரேடியோக் கடையில் பழகிய கை சும்மா கிடக்குமா?

"அண்ணையிட்டைக் குடுத்த சாமான் கட்டாயம் திருந்தி வரும். அதுக்குள்ளை நாங்கள் கிழடாகிப் போவம்" என்று பக்கத்து வளவு அம்பிகை அவர் முகத்துக்கு நேரேயே சொல்லுவாள். புருசனைக் கடலுக்குக் கொடுத்தவள். சதீசன் என்று ஒரே மகன். வாய்க்கு மட்டும் குறைவில்லை.

2006 தைப்பொங்கலோடு சிவகுருவின் தோட்டத்து நீரிறைக்கும் மெசின் களவு போனது. இது இரண்டாவது தரம். முறைப்பாடு கொடுக்கப் போன இடத்தில், "கண்ட சாட்சி இருக்கோ?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி அவர் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. யாழ்ப்பாணத்தில் பாவித்த கணினி ஒன்றை வாங்கினார். கமெரா வயரைச் செருகுகிற கார்ட்டைக் கொழும்பிலிருந்து பஸ்ஸில் எடுப்பித்தார். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பெரிதாக ஒன்று போட்டார். பெருவிரல் அளவுக் கமெராவைத் தெருவாசல் படலைக்கு மேலிருந்த லைற்றின் மூடிக்குள் ஒளித்து, வயரைக் குழாய்க்குள் விட்டு மண்ணில் தாட்டு, வீட்டுக்குள் கொண்டுவந்தார். அலுமாரிக்குப் பின்னால் கணினிப் பெட்டி உறுமத் தொடங்கியது.

"கள்ளனைப் பிடிக்கிறன் எண்டு வெளிக்கிட்டு, கடைசியிலை உங்களைத்தான் பிடிச்சுக்கொண்டு போகப்போறாங்கள்" என்றாள் மனைவி சறோஜினிதேவி.

"அதுக்குத்தானே ஒளிச்சு வைச்சனான். நீர் வாயைத் திறக்காட்டில் காணும்."

படலையடியில் ஏதாவது அசைந்தால் பெட்டி படம் பிடிக்கும். அசைவு இல்லாவிட்டால் சும்மா இருக்கும். டிஸ்க் நிரம்பினால் ஆகப் பழைய படத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுதும். காற்று விழுந்து கிடந்த பங்குனியில் அவர் சோதித்துப் பார்த்தார். ஆடு, நாய், தபால்காரன், மீன் விற்கிறவன் என்று ஒரு நாளைக்குக் கொஞ்சப் படம்தான் சேர்ந்தது. "ரெண்டு மாசத்துக்குத் தாங்கும்" என்றார், மெசினே திரும்பி வந்துவிட்ட மாதிரி.

வைகாசி விசாகம் கழிந்து ஒரு மத்தியானம். இருவரும் குசினியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது றோட்டில் வான் ஒன்று நின்றது. ஆரோ விழுந்த சத்தம். பிறகு "அம்மா" என்று ஒரு குரல். எழும்பிய சிவகுருவின் கையைச் சறோஜினிதேவி சோற்றுக் கையாலேயே பிடித்துக்கொண்டாள். வான் போன பிறகு எட்டிப் பார்த்தார்கள். படலைக்கு வெளியே சதீசனின் சைக்கிள் சரிந்து கிடந்தது.

சிவகுரு பெட்டி பிடித்திருந்த படத்தைத் திறந்தார். திரையில் வானின் கதவு திறந்தது. ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு இறங்கினான். அவன் திரும்பும் முன்னர் சறோஜினிதேவி திரையின் வயரைப் பிடுங்கிவிட்டாள்.

"காணாத வரைக்கும் காணேல்லை எண்டு சொல்லலாம். எங்களுக்கும் ஒரு பொடியன் இருக்கிறான். அவனும் இந்த றோட்டாலைதான் பள்ளிக்கூடம் போறவன்."

திரையைத் தூக்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். பெட்டியை நிற்பாட்டச் சொன்னதற்கு மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வானில் வந்தவர்கள் திரும்பி வந்தால் தெரியவேண்டாமா? படம் எங்கே போகப்போகிறது, இரண்டு மாதத்துக்கு உள்ளே கிடக்கும்தானே.

மகனைத் தேடி அம்பிகை அன்றைக்கே வந்தாள். அதற்குப் பிறகும் வந்துகொண்டேயிருந்தாள். "உங்கடை படலையடியிலைதானே அண்ணை சைக்கிள் கிடந்தது. ஒரு சத்தமும் கேக்கேல்லையோ?"

"இல்லைத் தங்கச்சி. நாங்கள் பின்னுக்கு நிண்டனாங்கள்."

அவள் ஏறாத கந்தோர் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: கண்ட சாட்சி இருக்கோ? போய்க் கேட்டதை வந்து அவரிடமே சொல்லுவாள்.

இதற்குள் சோளகக் காற்று எழும்பிவிட்டது. தீவுக்காரருக்கு அது புதிதில்லை. பனையோலை வேலி விடிந்தால் பொழுதுபட்டால் ஆடியது. பிய்ந்த இடங்களைச் சிவகுரு தானே நின்று கட்டினார். அந்த வேலி கமெராவுக்கு முன்னால்தான் ஆடுகிறது என்பது, கையில் ஓலை இருந்தபோதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

ஆனி பிறந்து சில நாளில், காணாமல் போனவர்களின் விபரம் எடுக்க வெளியிலிருந்து ஆட்கள் ஊர்காவற்றுறைக்கு வருகிறார்கள் என்று கதை வந்தது. "நான் படத்தை அம்பிகைக்குக் காட்டப்போறன்" என்றார் சிவகுரு. சறோஜினிதேவி தானே குனிந்து திரையை வெளியே இழுத்தாள்.

"கதவைச் சாத்திப்போட்டுக் காட்டுங்கோ."

அம்பிகைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டாள். சிவகுரு அந்த நாளைத் தேடினார். அந்த நாள் இல்லை. அடுத்த நாளும் இல்லை. திறந்ததெல்லாம் வேலி. ஓலை ஆடுகிறது, நிற்கிறது, திரும்ப ஆடுகிறது. காற்றை ஆள் என்று நினைத்துப் பெட்டி ராப்பகலாய்ப் பிடித்துத் தள்ளியிருந்தது.

"என்னண்ணை?"

"அழிஞ்சுபோச்சுப் பிள்ளை. காத்து... வேலி ஆடி..."

"அண்டைக்கு இருந்ததோ?"

"ஓம். இருந்தது."

மிஞ்சியிருந்ததில் ஆகப் பழையதை அவர் ஏன் திறந்தார் என்று அவருக்கே தெரியாது. படலை திறந்தது. அம்பிகை வந்தாள், திரையில், சத்தமில்லாமல், தலைமயிர் காற்றில் பறக்க. எதிரே சிவகுரு வந்து நின்றார். அவள் ஏதோ கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். அவள் திரும்பவும் கேட்டாள். அவர் இரண்டு கையையும் விரித்தார். அவள் போன பிறகு, திரையில் நின்ற சிவகுரு தலையை நிமிர்த்தி, லைற்றின் மூடியை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அம்பிகை முழுவதையும் பார்த்து முடித்தாள். எழும்பிச் சீலையை உதறிக் கட்டினாள். சறோஜினிதேவி பிளேன் ரீக் கோப்பையோடு வாசலில் நின்றாள். அதை வாங்காமல் அம்பிகை விலகி நடந்து, கதவடியில் நின்று திரும்பினாள்.

"இதையெண்டாலும் அழியாமல் வைச்சிருங்கோ அண்ணை" என்றாள்.