தடை நீங்கும்வரை காத்திருந்த அக்கா

நாங்கள் குடியேறியிருந்த ஹனோவர் நகரில் பனிப்புயல் வீசிய அன்று, மாநில அரசு வாகனங்கள் ஓடத் தடை விதித்தது. மதியம், அடுத்த தெருவில் தனியாக இருந்த என் அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

“நெஞ்சு நோகுது. தடையை எடுத்த உடன டொக்டரிட்ட போறன்.”

“ஆம்புலன்சைக் கூப்பிடுங்கோ அக்கா.”

“ஊரடங்குக்குள்ள ஆர் வருவினம்? நீயும் வெளிக்கிடாதை, பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்.”

யாழ்ப்பாணத்து ஊரடங்குகளில் வளர்ந்த எனக்கும் அது சரியென்றே பட்டது.

மறுநாள் தடை நீங்கியதும் ஓடினேன். கோட்டும் சப்பாத்தும் போட்டு, கைப்பையை மடியில் வைத்தபடி, கதவருகே நாற்காலியில் அக்கா உயிரற்று இருந்தார்.

ஆம்புலன்சுக்குத் தடையே இல்லை என்று பிறகுதான் அறிந்தேன். நடந்து போகவும் தடையில்லையாம்.

இப்போது கைபேசியில் புயல் எச்சரிக்கை அலறினால், தனியாக இருக்கும் எங்கள் ஆட்களை அழைத்துச் சொல்கிறேன்: “இது ஊரடங்கு இல்லை. ஆம்புலன்ஸ் வரும். நானும் நடந்து வருவன்.”